எங்ககிட்ட ஏன் மொதல்லயே சொல்லல? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். தொற்று நோய் பரவற நேரத்துல சுகாதாரத் துறை நடந்துக்கற விதம், அதிகாரிங்க பேசற பேச்சு, அது மேல ஜனங்களுக்கு இருக்கற கோபம். அதனால மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன். காட்டமா எழுதினவங்க கடிதத்தையும் சுருக்கினேனே தவிர காரத்தக் குறைக்கல.

கேள்வி: சார், கொரோனா ஆரம்பத்துல மாஸ்க் வேண்டாம்னாங்க, அப்புறம் மாஸ்க் இல்லாம வெளிய வந்தா ஃபைன்னாங்க. காத்துல பரவாதுன்னாங்க, அப்புறம் பரவும்னாங்க. இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு பேசறவங்கள அடுத்த நோய் வரும்போது எத வச்சு நம்பறது?

பதில்: நியாயமான கேள்வி. ஆனா இதுல ரெண்டு விதமான மாத்தம் கலந்து கிடக்கு, அத முதல்ல பிரிச்சுக்கணும்.

புதுசா ஒரு கிருமி வந்தா முதல் ஒண்ணு ரெண்டு மாசம் யாருக்குமே முழுசா தெரியாது. அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பரப்புவாரா, எத்தனை நாள் பரப்புவார், குழந்தைங்களுக்கு எப்படி இருக்கும், இதெல்லாம் நோயாளிங்கள பாத்துப் பாத்துதான் தெரிய வரும். தெரிஞ்சதும் சொன்னத மாத்தறது சரியான வேலை, மாத்தாம பழசையே பிடிச்சுட்டு இருந்தாதான் நாம பயப்படணும்.

இன்னொரு மாத்தம் இருக்கு, அதுதான் ஜனங்கள நோகடிச்சது. 2020 பிப்ரவரி 29ஆம் தேதி அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட தலைமை பொது சுகாதார டாக்டர், ஜெரோம் ஆடம்ஸ் சோஷியல் மீடியாவுல போட்டத ஞாபகப்படுத்திப் பாருங்க, மாஸ்க் வாங்கறத நிறுத்துங்க, பொதுமக்களுக்கு அது பயன்படாதுங்கறார், அதே மூச்சுல, டாக்டர் நர்ஸுக்கெல்லாம் மாஸ்க் கிடைக்கலேன்னா அவங்களுக்கும் நமக்கும் ஆபத்துன்னும் சொல்றார். படிச்சவங்க எல்லாருக்கும் உடனே வந்த சந்தேகம், அவங்களுக்கு உதவற பொருள் எங்களுக்கு மட்டும் எப்படி உதவாம போகும்? அஞ்சு வாரத்துக்குள்ள, ஏப்ரல் 3ஆம் தேதி, எல்லாரும் துணி மாஸ்க் போடுங்கன்னு அதே நாட்டோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லிடுச்சு. உலக சுகாதார நிறுவனம் ஜூன் 5ஆம் தேதிதான் அந்த இடத்துக்கு வந்துச்சு.

நடுவுல அறிவியல் கொஞ்சம் மாறினது நிஜம், அறிகுறி இல்லாதவங்க பரப்பறது அப்பதான் உறுதியா தெரிஞ்சுது. ஆனா முதல்ல வேண்டாம்னதுக்குப் பின்னாடி ஸ்டாக் இல்லேங்கற கவலையும் இருந்துச்சு, அத அப்பவே நேரா சொல்லியிருக்கலாம். கையில இருக்கற மாஸ்க் ஆஸ்பத்திரிக்கே பத்தல, தயவுசெஞ்சு அவங்களுக்கு விட்டுடுங்க, நீங்க வீட்ல இருக்கற துணிய மடிச்சுக் கட்டிக்குங்கன்னு சொல்லியிருந்தா எவ்வளவோ பேர் கேட்டிருப்பாங்க, எத்தனையோ வீடுகள்ல அப்புறம் மெஷின எடுத்து வச்சு மாஸ்க் தச்சுக் கொடுத்த ஜனங்கதானே இவங்க.

காத்துல பரவற விஷயமும் அப்படித்தான் ஆச்சு. 2020 மார்ச் 28ல இது காத்துல பரவற நோய் இல்லேன்னு உலக சுகாதார நிறுவனம் அடிச்சு சொல்லுச்சு. அப்ப சரியான பதில், நீர்த்துளி மூலமா பரவுதுன்னு இப்போதைக்கு நினைக்கறோம், காத்துல பரவுதான்னு ஆராய்ச்சி நடக்குது, அதுவரைக்கும் ஜன்னலத் திறந்து வைங்கங்கறதுதான். அடிச்சு சொன்னதால என்ன ஆச்சுன்னா ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் மேஜைய ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு தொடச்சாங்க, காத்தோட்டத்தப் பத்தி யாரும் கவலப்படல. 2021ல அவங்க வாசகத்த மாத்தினாங்க, ஆனா முதல்ல காதுல விழுந்தது போகவே இல்ல.

அடுத்த நோய் வரும்போது எத வச்சு நம்பறதுன்னு கேக்கறீங்க. அதிகாரி பேசும்போது இத மட்டும் கவனிங்க, எது தெரியும் எது தெரியாதுன்னு பிரிச்சு சொல்றாரா, சொன்னத மாத்தும்போது போன வாரம் இப்படி சொன்னோம் இந்தக் காரணத்துக்காக மாத்தறோம்னு வாயால சொல்றாரா, இல்ல பழச சொல்லவே இல்லாத மாதிரி நகர்ந்துடறாரா. அப்படி நகர்ந்துடற ரகம்னா உஷாரா இருங்க.

கேள்வி: பீதி வந்துடும்னுதான் சில விஷயத்த வெளிய சொல்றதில்லன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு அதிகாரியே சொன்னார். அதுவும் ஒரு வகையில சரிதானே?

பதில்: சரியில்ல. இதுல எனக்கு ரெண்டு எண்ணமே கிடையாது.

1918ல இன்ஃப்ளுயன்ஸா உலகம் முழுக்க சூறையாடின நேரம். அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல போர் நிதி திரட்ட ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. நகரத்துக்குள்ள நோய் வந்தாச்சு, கடற்படைக்காரங்க சாகறாங்க, டாக்டர்ங்க சிலபேர் ஊர்வலத்த நிறுத்தச் சொல்றாங்க. சுகாதார இயக்குனர் வில்மர் க்ரூசன் நிறுத்தல, கவலைப்பட ஒண்ணும் இல்லேங்கற தோரணையிலயே பேசிட்டு இருந்தார். செப்டம்பர் 28ஆம் தேதி ரெண்டு லட்சம் பேர் தெருவுல தோளோட தோள் ஒட்டி நின்னு ஊர்வலம் பாத்தாங்க. மூணே நாள்ல நகரத்துல இருந்த 31 ஆஸ்பத்திரியிலயும் பெட் இல்ல. அக்டோபர் 3ஆம் தேதி ஸ்கூல், சர்ச், தியேட்டர் எல்லாத்தையும் மூடினாங்க, அதுக்குள்ள கை மீறிப்போச்சு, ஆறு வாரத்துல 12,000 பேர் கிட்ட செத்தாங்க. பிணத்த எடுக்க ஆள் இல்லாம வீட்டுக்குள்ளயே நாள்கணக்குல கிடந்துச்சு. அதே நாட்டுல செயின்ட் லூயிஸ் நகரத்துல மேக்ஸ் ஸ்டார்க்லாஃப்ங்கற சுகாதார கமிஷனர், நோய் தலைகாட்டின உடனே, வியாபாரிங்க எதிர்ப்ப எல்லாம் தாண்டி அக்டோபர் 7ஆம் தேதியே எல்லாத்தையும் மூட வச்சார். அங்க சாவு விகிதம் பிலடெல்பியாவ விட ரொம்பக் குறைச்சல்.

சரி அது நூறு வருஷத்துக்கு முன்னாடி, இப்ப யாரும் அப்படி பண்ண மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2003ல சார்ஸ்ங்கற மூச்சு நோய் பரவினப்போ சீனத் தலைநகர் பெய்ஜிங்ல மொத்தமே 37 கேஸ்தான்னு அதிகாரபூர்வமா சொல்லிட்டிருந்தாங்க. ஜியாங் யான்யோங்னு ராணுவ ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒரு வயசான சர்ஜன், அமைச்சர் டிவியில சொன்ன கணக்கு பொய்னு ஊடகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 20ஆம் தேதி கணக்கு ஒரே நாள்ல 339னு ஆச்சு, சுகாதார அமைச்சரும் நகர மேயரும் பதவி போய் வெளிய வந்தாங்க.

பீதி வரும்னு பயந்து மறைச்சாங்களே, மறைச்சதாலதான் பீதி வந்துச்சு. 37ன்னு நம்பிட்டு இருந்தவங்க 339ன்னு கேட்டதும் அப்போ நிஜம் 3,000மா இருக்கும்னுதானே நினைப்பாங்க? அந்த அதிகாரிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, உண்மை தெரிஞ்சு பயப்படறவங்க கைய கழுவுவாங்க, கூட்டத்துக்குப் போக மாட்டாங்க, வயசானவங்கள பாத்துக்குவாங்க. ஏதோ மறைக்கறாங்கன்னு பயப்படறவங்கதான் கடையில இருக்கறத எல்லாம் அள்ளிட்டு ஓடுவாங்க.

கேள்வி: எங்க வீட்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ்னு வந்ததும் போலீஸோட வந்து வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டி, தகரம் அடிச்சு, தெருவே வேடிக்கை பாக்க ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. நோய விட அந்த அவமானம்தான் இன்னும் ஆறல. நோயாளின்னா குற்றவாளியா?

பதில்: உங்க கடிதம் நாலு பக்கம், முழுசா படிச்சேன். இல்ல, நோயாளி குற்றவாளி இல்ல, உங்க வீட்டுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது.

தனிமைப்படுத்தறது தேவைதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அத போலீஸ் வேலையா பண்ணினா என்ன ஆகும்னு நம்ம சரித்திரத்துலயே இருக்கு. 1896 கடைசியில பம்பாய்ல பிளேக் வந்து புனே வரைக்கும் பரவுச்சு. 1897ல தொற்று நோய் சட்டம் வந்துச்சு, நாலே பிரிவு உள்ள குட்டி சட்டம், ஆனா அதிகாரிங்களுக்கு ஏறக்குறைய எத வேணா செய்ய அதிகாரம் கொடுத்துச்சு. கொரோனா வந்தப்பவும் அதே சட்டத்ததான் எடுத்தாங்க. புனேல ராண்ட்ங்கற அதிகாரிய போட்டாங்க. அவர் வீடு வீடா நோயாளியத் தேட வெள்ளைக்கார சிப்பாய்ங்கள அனுப்பினார். சமையக்கட்டு, பூஜை அறை பாக்காம நுழைஞ்சாங்க, பொம்பளைங்கள வெளிய நிறுத்தி சோதிச்சாங்க, சாமான எடுத்து எரிச்சாங்க. ஜனங்க என்ன பண்ணினாங்க? நோயாளிய மறைச்சாங்க, செத்தவங்கள கூட மறைச்சு வச்சாங்க. ஜூன் 22ஆம் தேதி ராத்திரி, விக்டோரியா ராணியோட வைர விழா கொண்டாட்டம் முடிஞ்சு திரும்பி வந்த ராண்ட சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. அவங்க தூக்கு மேடைக்குப் போனாங்க. பிளேக் எங்கயும் போகல, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா இந்த நாட்டுல லட்சக்கணக்கான உயிர எடுத்துச்சு.

2014ல லைபீரியா தலைநகர் மன்ரோவியாவுல வெஸ்ட் பாயின்ட்ங்கற குடிசைப் பகுதிய எபோலாங்கற உயிர்க்கொல்லி நோய்க்காக ஒரே ராத்திரியில சுத்தி வளைச்சு முள்கம்பி போட்டாங்க. உள்ள பல்லாயிரம் பேர், அன்னாடம் வெளிய போய் சம்பாதிச்சு சாப்பிடறவங்க. வெளிய வர முயற்சி பண்ணின கூட்டத்து மேல பாதுகாப்புப் படை சுட்டுச்சு, பதின்வயசு பையன் ஒருத்தன் செத்தான். பத்து நாள்ல அடைப்ப எடுத்துட்டாங்க, ஏன்னா அதால பலன் இல்லேன்னு அவங்களுக்கே புரிஞ்சுது.

அதே எபோலாவுல சரியா செஞ்ச ஒரு காரியத்தையும் சொல்லணும். எபோலாவுல செத்தவங்க உடம்புல கிருமி உச்சத்துல இருக்கும், தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் பண்றது அங்க வழக்கம், புதுசா நோய் வர்றவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்காவது அந்த அடக்கத்துலதான் ஒட்டுதுன்னு உலக சுகாதார நிறுவனம் அப்ப சொல்லுச்சு. முதல்ல என்ன செஞ்சாங்கன்னா முழு உடம்பும் மூடின டிரஸ்ல ஆளுங்க வருவாங்க, பிணத்த பைல போட்டு தூக்கிட்டுப் போவாங்க, வீட்டுக்காரங்களுக்கு முகம் கூட காட்ட மாட்டாங்க, எங்க புதைச்சாங்கன்னு கூட சில பேருக்குத் தெரியாது. ஜனங்க கொதிச்சுப் போனாங்க, உறுப்பக் கழட்டி விக்கறாங்கன்னு வதந்தி கிளம்புச்சு, சுகாதாரக் குழு மேல கல் விழுந்துச்சு. கினி நாட்டுல வோமேங்கற கிராமத்துல நோயப் பத்தி எடுத்து சொல்லப் போன குழுவுல எட்டு பேர கொன்னே போட்டாங்க.

அந்த வருஷம் நவம்பர்ல முறைய மாத்தினாங்க, மதப் பெரியவங்கள, செஞ்சிலுவைக்காரங்கள எல்லாம் உக்கார வச்சுப் பேசி எழுதினாங்க. குழு வந்ததும் முதல்ல அந்த டிரஸ் போடாம சாதாரண உடையில வீட்டுக்காரங்க முன்னாடி நின்னு துக்கம் சொல்லணும். என்ன செய்யப் போறோம்னு விளக்கணும். அவங்க சம்மதிச்சப்புறம் அவங்க கண்ணு முன்னாடியே உடைய மாட்டிக்கணும். கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கலாம், பிரார்த்தனை பண்ணலாம், கூட வைக்க வேண்டிய துணிமணி குடுத்தா வாங்கி வைக்கணும், குடும்பம் குழி வரைக்கும் வரலாம். கிருமிக்கு எதிரான எந்தப் பாதுகாப்பும் இதுல குறையல. ஆனா அதுக்கப்புறம் ஜனங்களே கூப்பிட்டு சாவுச் செய்திய சொல்ல ஆரம்பிச்சாங்க.

உங்க வீட்டுக்கு வந்தவங்களும் இதத்தான் செஞ்சிருக்கணும். போலீஸ தெருமுனையில நிறுத்திட்டு, ஒரு நர்ஸ் வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்த நம்பருக்கு போன் பண்ணினா தகவல் கிடைக்கும், நீங்க எத்தனை நாள் வீட்ல இருக்கணும், சாப்பாடும் மருந்தும் யார் கொண்டு வந்து தருவாங்க, வேலைக்குப் போகாத நாளுக்கு வருமானத்துக்கு என்ன வழி, இவ்வளவையும் சொல்லியிருந்தா தகரத்துக்கு வேலையே இருந்திருக்காது. நீங்க எழுத்துல புகார் குடுங்க. தேதி, நேரம், என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க, வைதல் வேண்டாம். அடுத்த நோய்க்கு விதிமுறை எழுதறவங்க மேஜையில அந்தக் காகிதம் இருக்கணும்.

கேள்வி: நான் சுகாதாரத் துறையில களப்பணியாளர். தொடர்புல இருந்தவங்களக் கண்டுபிடிக்க போன் பண்ணினா திட்டறாங்க, நம்பர பிளாக் பண்றாங்க. மேல இருக்கறவங்க பண்ற தப்புக்கு எங்கள ஏன் வையறாங்க?

பதில்: அம்மா, முதல்ல உங்களுக்கு என் வணக்கம். இத படிக்கற மத்தவங்களுக்கு உங்க வேலையக் கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன்.

ஒரு குழந்தைக்கு தட்டம்மை உறுதியாகுதுன்னு வச்சுக்குங்க. தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியிலிருந்தே அந்தக் குழந்தை பரப்பியிருக்கும். அந்த நாலு நாள்ல போன கிளாஸ் ரூம், ஏறின பஸ், உக்காந்த கிளினிக், எல்லாத்தையும் ஒரு போன்லயே தாய்கிட்ட கேட்டு வாங்கணும், தாய் அழுதுட்டு இருப்பாங்க. அந்த கிளினிக்ல அதே மணி நேரத்துல ஒரு கைக்குழந்தை இருந்துச்சா, கர்ப்பிணி இருந்தாங்களா, கேன்சருக்கு மருந்து எடுக்கறவங்க இருந்தாங்களா? கிருமி பட்டு 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி போட்டா பல பேருக்கு நோய் வராமலே தடுக்கலாம். அதனாலதான் அந்த போன் ராத்திரி ஒன்பது மணிக்கு வருது, அதனாலதான் எடுக்கலேன்னா மறுபடி மறுபடி அடிக்குது. கட் பண்றவங்க தன் கோபத்த காட்டறதா நினைக்கறாங்க, ஆனா அந்த 72 மணி நேரத்துல ஒரு பகுதி யாரோ ஒரு கைக்குழந்தைக்குக் குறைஞ்சு போகுது.

ஜனங்க பக்கமும் ஒரு பயம் இருக்கு, சொல்லிட்டா பேர் வெளிய வந்துடும், வேலை போயிடும்னு. அது வீண் பயம் இல்ல, நோயாளி பட்டியல் செல்போன் செல்போனா சுத்தினது நமக்கெல்லாம் தெரியும். அதனால நீங்க போன்ல எடுத்த உடனே உங்க பேர் யாருக்கும் போகாதுன்னு சொல்லுங்க, அப்புறம் கேள்விக்கு வாங்க. உங்க மேலதிகாரிங்களுக்கும் ஒரு வார்த்தை, அந்தப் பட்டியல் ஒரு தடவை கசிஞ்சா உங்க பணியாளர் பண்ற அடுத்த நூறு போன் வீண், இவங்க வாங்கற திட்டுக்கு அந்தக் கசிவுதான் காரணம்.

கேள்வி: தினமும் வர்ற கேஸ் எண்ணிக்கைய நம்பலாமா? ஞாயிறு கம்மி, புதன்கிழமை திடீர்னு ஏறுது. செட் பண்ணி வெளியிடறாங்கன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

பதில்: ஞாயித்துக்கிழமை குறையறதுல சதி எதுவும் இல்ல தம்பி. லீவு நாள்ல லேப்ல ஆள் குறைவு, சாம்பிள் எடுக்கறதும் குறைவு, சேர்ந்தது வாரத்து நடுவுல மொத்தமா கணக்குல ஏறும். அதனால ஒரு நாள் எண்ண பாக்காதீங்க, ஏழு நாள் சராசரிய பாருங்க. எத்தனை டெஸ்ட் பண்ணி எத்தனை பாசிட்டிவ்ங்கறத பாருங்க. கேஸ் குறையுது ஆனா டெஸ்டும் பாதியாச்சுன்னா அது குறைஞ்சதே இல்ல. சாவு எண்ணிக்கை கேஸுக்கு ரெண்டு மூணு வாரம் பின்னாடிதான் வரும், அதனால கேஸ் ஏறற நேரத்துல சாவு கம்மியா இருக்கேன்னு நிம்மதியா இருந்துடவும் கூடாது.

செட் பண்றதும் உலகத்துல நடந்திருக்கு, மேல பெய்ஜிங் கதைய சொன்னேனே. வெறும் கோளாறும் நடக்கும். இங்கிலாந்துல 2020 செப்டம்பர் 25லேர்ந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் கேஸ் தினசரி கணக்குலயே வரல. காரணம் என்னன்னா லேப்லேர்ந்து வந்த லிஸ்ட பழைய எக்ஸெல் ஃபைல்ல ஏத்தினாங்க, அதுல வரிசைக்கு ஒரு வரம்பு இருக்கு, 65,536 வரைக்கும்தான், அதுக்கு மேல வந்ததெல்லாம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுப் போச்சு. பாசிட்டிவ் ஆனவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு, ஆனா அவங்க தொடர்புல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை நாள்கணக்குல லேட். ஒரு நாடே நம்பியிருந்த வேலை அப்படி ஒரு ஃபைல்ல ஓடிட்டு இருந்ததுல எனக்கு இன்னைக்கும் ஆத்தாமை உண்டு. ஆனா தப்பு நடந்துச்சு, எத்தனை கேஸ், எந்த நாள்லேர்ந்து எந்த நாள் வரைக்கும்னு கணக்கோட வெளிய சொன்னாங்க பாருங்க, அதனாலதான் உங்களுக்கு என்னால இத எழுத முடியுது.

கேள்வி: ஊரடங்கு போட்ட அதிகாரியே அத மீறினா?

பதில்: பதவிய விட்டுப் போகணும். ஸ்காட்லாந்தோட தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட் வீட்டுலயே இருங்கன்னு தினமும் டிவியில சொன்னவங்க, 2020 ஏப்ரல்ல குடும்பத்தோட தன் ரெண்டாவது வீட்டுக்குப் போனது போட்டோவோட பேப்பர்ல வந்துச்சு, ஒரு நாளுக்குள்ளயே ராஜினாமா. திறமையான டாக்டர்தான். ஆனா செத்துட்டிருக்கற அம்மாவ பாக்கப் போகாம விதிக்குக் கட்டுப்பட்டு இருந்தவங்க முன்னாடி அவங்க மறுபடி மைக் பிடிக்க முடியாது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் பெரிய நோய் வருதுன்னு பயமுறுத்தறாங்க, கடைசியில ஒண்ணும் ஆகறதில்ல. இதுக்கு செலவான பணத்துக்கு யார் பொறுப்பு?

பதில்: ஒண்ணும் ஆகாம போனது ரெண்டு விதத்துல நடக்கும், வேலை செஞ்சதால தப்பிச்சோமா, வராதத வரும்னு நினைச்சாங்களா. ஜனங்க ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கறாங்க.

சார்ஸ் உலகத்துல 8,098 பேருக்கு வந்து 774 சாவோட நின்னுச்சு. தடுப்பூசி இல்ல, தனி மருந்து இல்ல. காய்ச்சல் வந்தவங்களப் பிரிச்சு, தொடர்புல இருந்தவங்கள வீட்ல வச்சு, ஏர்போர்ட் ஆஸ்பத்திரி எல்லாம் காவல் இருந்து நிறுத்தினாங்க, 2003 ஜூலை 5ல பரவல் நின்னுடுச்சுன்னு அறிவிச்சாங்க. அதுல நர்ஸும் டாக்டரும் எத்தனையோ பேர் செத்தாங்க. அத போய் ஒண்ணும் ஆகலேன்னு சொன்னா மனசு கேக்கல.

1976 கதை வேற. அமெரிக்காவுல ஃபோர்ட் டிக்ஸ்ங்கற ராணுவ முகாம்ல பன்றிக் காய்ச்சல் ரகத்துல ஒரு சிப்பாய் செத்தார், 1918 திரும்ப வருதோன்னு பயந்து, மார்ச் மாசம் ஜனாதிபதி ஃபோர்டு நாட்டுல எல்லாருக்கும் தடுப்பூசின்னு அறிவிச்சார். அக்டோபர்ல ஆரம்பிச்சு ரெண்டரை மாசத்துல நாலரை கோடி பேருக்குப் போட்டாங்க. நோய் அந்த முகாம தாண்டி பரவவே இல்ல. ஊசி போட்டவங்கள்ல கை கால் செயலிழக்கற கியான்-பாரே பாதிப்பு லட்சத்துக்கு ஒருத்தர் கணக்குல கூடுதலா வந்தது தெரிஞ்சதும் டிசம்பர் 16ல நிறுத்தினாங்க. அதிகாரிங்க கெட்ட எண்ணத்துல செய்யல, ஊசிய தயார் பண்ணினதும் தப்பில்ல. ஆனா தயார் பண்ணி ஸ்டோர்ல வச்சுட்டு, நோய் பரவுதான்னு பாத்துட்டுப் போடலாம்னு அப்பவே சில நிபுணர்ங்க சொன்னாங்க, அந்தப் பேச்சு எடுபடல. எந்த நிலைமையில நிறுத்துவோம்னு ஆரம்பிக்கும்போதே சொல்லாத திட்டம் அது.

அதனால பணத்துக்கு யார் பொறுப்புன்னு கேக்கறத விட, எந்தத் தகவல வச்சு அன்னைக்கு அந்த முடிவ எடுத்தீங்க, அந்தக் காகிதத்தக் காட்டுங்கன்னு கேளுங்க. அன்னைக்குக் கையில இருந்த தகவலுக்கு முடிவு சரின்னா, நோய் வராம போனதுக்காக அவங்கள வையக்கூடாது.

கேள்வி: தடுப்பூசிய கட்டாயமாக்கினாதான் ஜனங்க வழிக்கு வருவாங்க. சரியா?

பதில்: 1904ல பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவுல ஓஸ்வால்டோ க்ரூஸ்ங்கற பெரிய டாக்டர் பெரியம்மை ஊசிய சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார். ஏற்கனவே வீடுகள இடிச்சு ஏழைங்கள விரட்டின கோபம் வேற இருந்துச்சு, நவம்பர்ல ஊரே கலவரமாச்சு, டிராம் வண்டிங்கள கவுத்தாங்க, ஆள் செத்துச்சு, அரசாங்கம் கட்டாயத்த வாபஸ் வாங்குச்சு. 1908ல பெரியம்மை அதே ஊர வாரிட்டுப் போனப்போ ஜனங்க தானா வரிசையில வந்து நின்னு போட்டுக்கிட்டாங்க. நடுவுல இருந்த அந்த நாலு வருஷத்துல வீடு வீடா உக்காந்து பேசியிருந்தா எத்தனை பேர் பொழச்சிருப்பாங்கன்னு எனக்கு அடிக்கடி தோணும். ஸ்கூல், ஆஸ்பத்திரி வேலைன்னு சில இடத்துல கட்டாயம் இருக்கலாம், நான் அதுக்கு எதிரி இல்ல. பேசி முடிச்சப்புறம்தான் சட்டம் வரணும்.

கேள்வி: நாங்க கத்தறதாலயும் எழுதறதாலயும் ஏதாவது மாறியிருக்கா?

பதில்: மாறியிருக்கு. எய்ட்ஸ் வந்து 1981லேர்ந்து வருஷக்கணக்கா ஆளுங்க செத்துட்டு இருந்தாங்க, மருந்து அனுமதி ஆமை வேகத்துல நகர்ந்துச்சு. 1988 அக்டோபர் 11ஆம் தேதி ஆக்ட் அப்ங்கற அமைப்புக்காரங்க, பல பேர் அவங்களே நோயாளிங்க, அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்த முற்றுகையிட்டாங்க. அவங்க வெறும் கோஷம் போடல, மருந்து சோதனை எப்படி நடக்குது, எந்த விதியால தாமதம் ஆகுது, எத மாத்தலாம்னு ஒவ்வொண்ணா படிச்சு எழுதி கையில கொண்டு போனாங்க. அரசாங்கத்துல எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குப் பொறுப்பா இருந்த ஆந்தனி ஃபாசிய கொலைகாரன்னே திட்டினாங்க, பின்னால அவரே அவங்கள கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டார். சோதனையில சேர முடியாத நோயாளிக்கும் மருந்து கிடைக்க வழி வந்துச்சு, சோதனைய திட்டமிடற கமிட்டியில நோயாளிங்களுக்கு இடம் கிடைச்சுது.

நம்ம கோபத்துலயும் அந்தப் படிச்சு எழுதிக் கேக்கற பாதி வேணும். பிரஸ் மீட் நடந்தா கமென்ட்ல வையறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: இன்னும் தெரியாதது என்ன, எப்ப தெரியும், இந்தக் கட்டுப்பாடு எந்த எண்ணிக்கைக்கு வந்தா தளரும், அதுவரைக்கும் வேலைக்குப் போக முடியாதவங்களுக்கு என்ன ஏற்பாடு. பதில் வரலேன்னா மறுபடி கேளுங்க, உங்க பிரதிநிதிய விட்டுக் கேக்க வைங்க.

கேள்வி: நோய் முடிஞ்சுதுன்னு அறிவிச்சுட்டாங்கன்னா கவலையில்லாம இருக்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். எபோலாவுக்குக் கிருமி பட்டு நோய் வெளிய தெரிய அதிகபட்சம் 21 நாள், அதனால கடைசி நோயாளி குணமானதுலேர்ந்து, இல்ல அடக்கம் ஆனதுலேர்ந்து, ரெண்டு மடங்கு, 42 நாள் புது கேஸ் இல்லேன்னாதான் முடிஞ்சதா அறிவிப்பாங்க. லைபீரியாவுல 2015 மே 9ல அப்படி அறிவிச்சாங்க, எல்லாரும் தெருவுல இறங்கி ஆடினாங்க, ஜூன் கடைசியில மறுபடி ஒரு பையன் அதே நோயில செத்துக் கிடந்தான். குணமானவங்க உடம்புல சில இடத்துல கிருமி மாசக்கணக்கா தங்கும்னு அதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு சரியா தெரியாது. அந்த 42 நாளுக்கு மேல இன்னும் 90 நாள் கூடுதல் கண்காணிப்பும் வைக்கறாங்க. ஒவ்வொரு நோய்க்கும் இந்தக் கணக்கு வேற வேற, உங்க அதிகாரிங்ககிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லும்போதே எத்தனை நாள் கண்காணிப்புன்னு கேட்டு வச்சுக்குங்க, அந்த நாளுக்குள்ள வீட்ல யாருக்காவது காய்ச்சல்னா மறைக்காம போய் சொல்லிடுங்க.